துயரப் பூங்காவுக்கு ஒரு நாள் டிக்கெட்

மிஸ் ஒக்டேவியா லாபோர்ட் தமது அறுபத்தெட்டாவது வயதில், முதல் முறையாக, ஒரு வாசலில் தடுத்து நிறுத்தப்பட்டார். அதுவும் சுண்ணாம்பு வாளியும் கையுமாக.

செயின்ட் எலோய் தீவில் அவரைத் தெரியாதவர் இல்லை. முப்பத்தொரு வருடம் தபால் அலுவலகக் கண்ணாடிக்குப் பின்னால் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தவர். யாருடைய கடிதத்தையும் தாமதப்படுத்தியதில்லை. யாரிடமும் காரணமில்லாமல் சிரித்ததும் இல்லை. லாபோர்ட் வீட்டில் சிரிப்பு என்பது வெள்ளிக் கரண்டிகளைப் போல. தகுந்த ஆள் வந்தால்தான் வெளியே எடுப்பார்கள்.

அக்டோபர் கடைசி வாரம். நவம்பர் ஒன்று மாலை கல்லறைத் திருநாள். அதற்குள் பெலாமி முனையில் கடலைப் பார்த்துக் கிடக்கும் ஐந்து லாபோர்ட் கல்லறைகளுக்கும் வெள்ளையடித்துவிட வேண்டும். கூலிக்கு ஆள் வைக்கக் கூடாது. ரத்த சம்பந்தமுள்ள கை அடிக்க வேண்டும். ஒரு கல்லறை கறுத்துக் கிடந்தால் ஊர் ஒன்றைத்தான் சொல்லும்: அந்த வீட்டில் ஆள் அற்றுப்போய்விட்டது. தொண்ணூறு வருடமாக லாபோர்ட் குடும்பத்தைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. இப்போது அந்த வீட்டில் மிஞ்சியிருப்பது மிஸ் ஒக்டேவியா ஒருவர்தான்.

போன வருடம் வெறும் கம்பி வேலியாக இருந்த இடத்தில் இந்த வருடம் ஒரு வளைவு எழும்பியிருந்தது. அதில் எழுதியிருந்தது: 'பெலாமி முனைப் பாரம்பரியத் துயரப் பூங்கா. வருக! அழுக! மகிழ்க!'

வளைவின் கீழே கிளிப்படம் போட்ட சட்டையுடன் காவலுக்கு நின்றிருந்த லியாண்டர், தொலைவிலேயே பல்லைக் காட்டிக்கொண்டு ஓடி வந்தான்.

"காலை வணக்கம் மேடம்! செயின்ட் எலோய்க்கு நல்வரவு! எந்தக் கப்பல் மேடம்?" என்றவன் பக்கத்தில் வந்ததும் சிரிப்பைச் சட்டென்று நிறுத்தினான். "அட, மிஸ் ஒக்டேவியாவா? தொப்பியப் பாத்து டூரிஸ்ட்டுனு நினைச்சுட்டேன். வீணா ஒண்ணு போச்சு."

"என்ன போச்சு?"

"சிரிப்புதான் மிஸ். ஒரு நாளைக்கு இருநூறு கணக்குக் காட்டணும். ஊர்க்காரங்ககிட்ட செலவழிச்சா சாயங்காலம் கன்னம் இழுத்துக்குது."

"கதவைத் திற. சுண்ணாம்பு காயுது."

"திறக்க முடியாது மிஸ். கல்லறை உங்களோடதுதான். அதை யாரும் இல்லேன்னு சொல்லல. அதுக்குப் போற பாதைதான் ஓட்டலோடது."

"அப்போ கடல் பக்கமா வரேன்."

"அங்க மிதவைக் கயிறு கட்டியாச்சு. கையில வளையம் போட்டவங்கதான் நீந்தலாம்." அவன் குரலைத் தாழ்த்தினான். "எங்க தாத்தாவும் உள்ளதான் கிடக்காரு மிஸ். வேலை நேரத்துல நான் வாசலை விட்டு நகரக் கூடாது. வேலை முடிஞ்சா நான் ஊர்க்காரன், உள்ள நுழையக் கூடாது. ஆறு மாசமா அவருக்கு இங்கேருந்தே ஒரு சல்யூட் வெச்சுட்டுப் போறேன்."

மிஸ் ஒக்டேவியா வாளியை எடுத்துக்கொண்டு நேராக இதயபூர்வ வரவேற்பு அமைச்சகத்துக்குப் போனார்.

அமைச்சகக் கூடத்தில் இரண்டு வகை இருக்கைகள் இருந்தன. மெத்தை வைத்து, மின்விசிறி போட்டு, பூச்சாடி வைத்திருந்த பக்கம் விருந்தாளிகளுக்கு. அந்தப் பக்கம் ஒருவரும் இல்லை; மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. மரப்பலகைப் பக்கம் தீவுவாசிகளுக்கு. அங்கே இடமில்லாமல் சிலர் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்கள். மிஸ் ஒக்டேவியா நின்றார். இரண்டரை மணி நேரம் கழித்து அமைச்சகத்தின் செயலாளர் மிஸ்டர் மோன்ப்ளேசிர் அவரை உள்ளே அழைத்தார்.

"முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்குங்க, மிஸ் லாபோர்ட்," என்று செயலாளர் தொடங்கினார். "அரசாங்கம் யாரோட துக்கத்துக்கும் குறுக்க நிக்கல. துக்கத்தை ஒரு ஒழுங்குக்குக் கொண்டு வந்திருக்கோம், அவ்வளவுதான். முன்னாடியெல்லாம் என்ன நடந்துச்சு? அவனவன் இஷ்டத்துக்கு அழுதான். ஒருத்தன் விடியக்காலைல, ஒருத்தன் வேலை முடிஞ்சு வந்து. கப்பல்லேருந்து ரெண்டாயிரம் பேர் இறங்கிப் பாத்தா ஒரு ஆள் அழல! நாட்டுக்கு எவ்வளவு பெரிய தலைகுனிவு! இப்போ செவ்வாய், வியாழன் பதினொன்றரை மணிக்கு அழறோம். மழை பெஞ்சா பந்தலுக்குக் கீழ அழறோம். வளர்ச்சிங்கறது இதுதான்."

"எங்க அம்மா கல்லறைக்கு வெள்ளையடிக்கணும்," என்றார் மிஸ் ஒக்டேவியா.

"உங்க உணர்ச்சி எனக்குப் புரியுது. ஆனா நம்ம மக்களோட பெருந்தன்மைய நினைச்சுப் பாருங்க. கடற்கரையைக் குடுத்தாங்க. முணுமுணுக்கல. மீன் சந்தையைக் குடுத்தாங்க, இப்போ அங்க எவ்வளவு அழகா மசாஜ் பண்றாங்க! குடுக்கற குணம் நம்ம ரத்தத்துல ஊறினது. அதனாலதான் நாங்க ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கிட்டு நிக்கறதில்ல. எடுத்துக்கறோம். கேட்டா அவங்க மனசு புண்படும்."

அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார்.

"பூங்காவுக்குள்ள ரெண்டு பேர்தான் போகலாம். ஒண்ணு விருந்தாளி. இன்னொண்ணு ஊழியர். உங்க அதிர்ஷ்டம், ஒரு பதவி காலியா இருக்கு. துக்கம் காக்கும் உறவினர், இரண்டாம் நிலை. லாபோர்ட் கல்லறைப் பிரிவு."

"அந்த உறவினரே நான்தான்."

"ரொம்ப நல்லது. முன் அனுபவத்துக்கு அஞ்சு மார்க் உண்டு."

படிவத்தில் கேட்டிருந்தவை: விண்ணப்பதாரருக்கு ஆடத் தெரியுமா? தலையில் பழக்கூடை வைத்துக்கொண்டு அழ முடியுமா? தொடர்ந்து எத்தனை நிமிடம்? முன்பற்கள் உள்ளனவா? இறந்தவர்களுடன் உறவு ஏதேனும் இருந்தால் தனித்தாளில் விளக்குக.

தேர்வு வியாழக்கிழமை ஓட்டலின் நடனக் கூடத்தில் நடந்தது. நடுவில் அட்டையால் செய்த கல்லறை. எதிரே செயலாளர். அவருக்குப் பக்கத்தில் வெளிநாட்டு ஆலோசகர் ஒருவர். அவர் தீவுக்கு வந்து பத்தொன்பது நாட்கள் ஆகியிருந்ததால் தீவின் பழக்கவழக்கங்களில் நிபுணர் என்று அழைக்கப்பட்டார்.

மிஸ் ஒக்டேவியாவுக்கு முன்னால் அழைக்கப்பட்டவள் டானிஸ். ஓட்டலில் படுக்கை விரிப்புத் துவைப்பவள்; மிஸ் ஒக்டேவியா வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவள். மஞ்சள் பாவாடையைச் சுழற்றிக்கொண்டு வந்து அட்டைக் கல்லறை மேல் விழுந்தாள். மார்பில் அடித்துக்கொண்டாள். உருண்டாள். உருண்ட வேகத்தில் கல்லறை நசுங்கியது. ஆலோசகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எதையோ எழுதினார்.

அடுத்தது மிஸ் ஒக்டேவியா. கறுப்பு உடை, கறுப்புத் தொப்பி. நசுங்கிய கல்லறையை முதலில் நிமிர்த்தி வைத்தார். பிறகு காலி வாளியில் தூரிகையைத் தோய்ப்பதுபோல் தோய்த்து, தலைமாட்டில் தொடங்கிக் கால்மாடு வரை ஒரே சீராக, ஒரு வார்த்தை பேசாமல் அடித்தார். லாபோர்ட் வீட்டில் அப்படித்தான். முதுகு நேராக இருக்கும், வாய் மூடியிருக்கும், சுவர் பளிச்சென்று இருக்கும். பத்து நிமிடம் ஆயிற்று. ஆலோசகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மேடம், எப்ப ஆரம்பிக்கப் போறீங்க?"

"முடிஞ்சிருச்சு," என்றார் மிஸ் ஒக்டேவியா.

மறுநாள் முடிவு வந்தது: 'விண்ணப்பதாரருக்கு இறந்தவர்கள் மீது பற்று இருப்பதாகத் தெரியவில்லை. உடையின் நிறம் தீவின் மரபுக்குப் பொருந்தவில்லை. விருந்தாளிகளிடம் எடுத்த கருத்துக் கணிப்பின்படி தீவின் துக்க நிறம் மஞ்சள்.'

அன்று சாயங்காலம் டானிஸ் ஈரப்பலாக்காய் ஒன்றைக் கையில் ஏந்திக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"வணக்கம் மிஸ் ஒக்டேவியா."

"வணக்கம் டானிஸ். உள்ள வா."

"உள்ள வர மூஞ்சி இல்ல மிஸ். உங்க அம்மாவுக்கு நான் மகளாயிட்டேன். செவ்வாய்க்கிழமைலேருந்து." அவள் காலால் தரையைத் தேய்த்தாள். "கோவிச்சுக்காதீங்க. மூணு புள்ளைங்க. துணி துவைக்கறதுக்கு அழறது எவ்வளவோ தேவல. இடுப்பு வலி இல்ல."

"கோபமெல்லாம் இல்ல."

"இன்னொண்ணு இருக்கு. அதைச் சொன்னா கோவம் வரும்." மடியிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். "என்ன பேசணும்னு எழுதிக் குடுத்திருக்காங்க. உங்க அம்மா பேரு கொக்கோ அம்மாவாம். ஒரு கடல் கொள்ளைக்காரன் மேல ஆசைப்பட்டு, அவன் கப்பல் போனதும் நெஞ்சு வெடிச்சு இங்கேயே விழுந்து செத்தாங்களாம்."

மிஸ் ஒக்டேவியா அடுப்பை அணைத்தார். அவருடைய தாயார் மதாம் செலஸ்டின் லாபோர்ட், நாற்பது வருடம் தலைமையாசிரியை. அவர் தெருவில் வந்தால் வளர்ந்த ஆண்கள் சுருட்டை முதுகுக்குப் பின்னால் மறைப்பார்கள். பாதிரியாரேகூட அவர் முன்னால் பிரசங்கத்தைச் சுருக்கிக்கொள்வார்.

"எங்க அம்மா எந்தக் கொள்ளைக்காரனையும் பாத்ததில்ல. பாத்திருந்தா அவனை முட்டி போட வெச்சிருப்பாங்க," என்றார்.

"அது எனக்குத் தெரியாதா மிஸ்? நானே எத்தனை நாள் முட்டி போட்டிருக்கேன்!"

"நீ வேலையப் பாரு. ஆனா தலைமாட்டுல நின்னு அழு. கால்மாட்டுல நின்னு அழற பழக்கம் எங்க வீட்டுல கிடையாது."

டானிஸ் போன பிறகு மிஸ் ஒக்டேவியா படிவத்தை மறுபடி எடுத்துப் படித்தார். ஊழியர் இல்லையென்றால் விருந்தாளி. அவர் அலமாரியைத் திறந்து, பயணப்பெட்டியை இறக்கித் தூசி தட்டினார்.

முப்பத்தொன்றாம் தேதி தபால் படகில் பக்கத்துத் தீவுக்குப் போனார். பழைய தபால்காரச் சிநேகிதி ஒருத்தி வீட்டில் தங்கினார். காலையில் துறைமுகத்தில் பெரிய கப்பலுக்கு ஒரு நாள் டிக்கெட் வாங்கினார். டிக்கெட்டில் வரவேற்பு ரம், பேருந்தில் ஊர் சுற்றல், துக்கத்தில் பங்கேற்பு, கோழி வறுவல் எல்லாம் அடக்கம். பெட்டியைச் சோதித்த அதிகாரி ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்து, உள்ளே வெள்ளைப் பொடியைப் பார்த்தான்.

"இது என்ன?"

"சுண்ணாம்பு. பக்கத்துப் பொட்டலத்துல உப்பு. கலந்து அடிச்சா உரியாது."

அவன் அவருடைய முகத்தைப் பார்த்தான். அந்த முகம் பொய் சொல்லும் முகமல்ல என்று தெரிந்து, 'மூலிகை அழகுப் பொருள்' என்று ஒரு சீட்டை ஒட்டி அனுப்பினான். மணிக்கட்டில் ஆரஞ்சு நிற வளையம் ஒன்றும் மாட்டினான்.

பகல் பத்து மணிக்குக் கப்பல் செயின்ட் எலோய் துறையில் அணைந்தது. ஸ்டீல் டிரம் குழு முழங்கியது. மிஸ் ஒக்டேவியாவுக்குப் பால் ஊற்றுபவனும், அவருடைய செருப்பைத் தைப்பவனும், ஞாயிறு பூசையில் அவருக்குப் பின் வரிசையில் தூங்குபவனும் அந்தக் குழுவில் இருந்தார்கள். எல்லோரும் அவரைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தார்கள். தாளம் ஒரு கணம் தடுமாறிப் பிறகு சேர்ந்துகொண்டது.

படியடியில் செயலாளர் மோன்ப்ளேசிரே நின்று விருந்தாளிகள் காதில் செம்பருத்தி செருகிக்கொண்டிருந்தார். அவர் கண் மணிக்கட்டு வளையத்துக்கு மேல் ஏறவில்லை.

"காலை வணக்கம் மேடம்! எங்க தீவுக்கு முதல் தடவையா?"

"அறுபத்தெட்டு வருஷமாத் தெரியும்."

"ஆகா! உங்கள மாதிரி விசுவாசமான விருந்தாளிங்களாலதான் நாங்க வாழறோம்! ஒரு ரம் எடுத்துக்குங்க. எங்க மக்கள்கிட்ட தாராளமாப் பேசுங்க, பயப்படாதீங்க. பழக்கிட்டோம், கடிக்க மாட்டாங்க."

கப்பல் வரும் நாட்களில் ஊர் சுற்றிக் காட்டும் பேருந்துக்கு வழிகாட்டியும் லியாண்டர்தான். ஒலிபெருக்கியில் மனப்பாடமாக ஓட்டிக்கொண்டு வந்தான். "வலது பக்கம் மாதா கோயில். இடது பக்கம் பச்சை ஜன்னல் வீடு. பாத்துக்குங்க. இந்தத் தீவுலயே சிரிக்கத் தெரியாத ஒரே கிழவி இங்கதான் இருக்கா. ஜன்னல்ல எட்டிப் பாத்தா அதிர்ஷ்டம், கேமராவத் தயாரா..."

மூன்றாவது வரிசையில் கறுப்புத் தொப்பியைக் கண்டதும் ஒலிபெருக்கி கரகரத்தது.

"...அதாவது, ரொம்ப மரியாதையான ஒரு அம்மா இருக்காங்க. படம் எடுக்கறதுன்னா அனுமதி கேட்டு எடுங்க. எடுக்காமலே இருந்தா இன்னும் நல்லது."

இருபத்து மூன்று பேர் மிஸ் ஒக்டேவியாவின் வீட்டைப் படம் பிடித்தார்கள். ஜன்னலில் யாரும் எட்டிப் பார்க்காததில் அவர்களுக்குக் கொஞ்சம் வருத்தம்.

பெலாமி முனையில் கல்லறைகள் பெருகியிருந்தன. படத்துக்கு நிறைவாக இருக்க வேண்டுமென்று அமைச்சகம் பன்னிரண்டு புதுக் கல்லறைகளைக் கட்டியிருந்தது. உள்ளே ஒருவரும் இல்லை. கட்டியவர்களுக்குத் திசை தெரியாததால் அவை மதுக்கடையைப் பார்த்துக் கிடந்தன. பழைய கல்லறைகளுக்கு முன்பக்கம் மட்டும் மாம்பழ மஞ்சள் அடித்திருந்தது. பின்பக்கம் பாசி படர்ந்து கறுத்திருந்தது. அதைப் பார்த்ததும் மிஸ் ஒக்டேவியா பெட்டியைத் திறந்து பிஸ்கட் டப்பாவை வெளியே எடுத்தார்.

விருந்தாளி ஒவ்வொருவருக்கும் ஒரு தூரிகை, ஒரு கிண்ணம் நீல வர்ணம், ஒரு மெழுகுவர்த்தி, பத்து நிமிடம் என்று கொடுத்தார்கள். மிஸ் ஒக்டேவியாவுக்குக் கிடைத்தது பதினான்காம் எண், ஆளில்லாத கல்லறை. அவருடைய தாயாரின் கல்லறை அரைக்கால் சட்டை போட்ட ஓய்வுபெற்ற பல் மருத்துவர் ஒருவருக்குப் போயிருந்தது. அவர் தலைக்கல்லில் ஒரு மீன் வரைந்து கொண்டிருந்தார்.

"ஐயா, நாம இடம் மாத்திக்கலாமா?" என்று மிஸ் ஒக்டேவியா கேட்டார்.

"தாராளமா. இங்க வெயில் மண்டையப் பொளக்குது," என்று அவர் எழுந்தார். "மீன் நல்லா வந்திருக்கா?"

"மீன் நல்லாத்தான் இருக்கு," என்று மிஸ் ஒக்டேவியா நியாயமாகச் சொன்னார். நீல வர்ணத்தைக் கொட்டிவிட்டு, அதே கிண்ணத்தில் சுண்ணாம்பைக் குழைத்து அதன் மேல் பூசினார்.

மணி பதினொன்றரை. மஞ்சள் பாவாடையில் டானிஸ் ஓடி வந்தாள். "ஐயோ, கொக்கோ அம்மா..." என்று இழுத்தவள் தலைமாட்டில் யார் நிற்கிறார் என்று பார்த்தாள். வாய் திறந்தபடி நின்றது. ஆலோசகர் அவளைப் பார்த்துக் கையை ஆட்டினார். டானிஸ் மூச்சை இழுத்தாள்.

"மதாம் செலஸ்டின்!" என்று அலறினாள். "ஏழாம் வாய்ப்பாடு வராம நின்னேனே! விடாம ஒரு மாசம் பள்ளிக்கூடம் விட்டதும் உக்கார வெச்சுச் சொல்லிக் குடுத்தீங்களே! செருப்பு இல்லாம வந்தேன்னு உங்க மக செருப்ப எனக்குக் குடுத்தீங்களே!"

அவள் உருளவில்லை. நின்றபடியே கண்ணீர் வழிந்தது, துடைக்கவும் தோன்றவில்லை. ஆலோசகர் குறிப்பேட்டில் எழுதினார்: 'கொள்ளைக்காரன் விடுபட்டுவிட்டான். நடிப்பு மோசம்.'

பத்து நிமிடம் முடிந்தது. விருந்தாளிகள் மெழுகுவர்த்திகளைப் போட்டுவிட்டுக் கோழி வறுவலுக்குப் போனார்கள். மிஸ் ஒக்டேவியா இரண்டாவது கல்லறைக்குப் போனார். நான்கு மணிக்குக் கப்பல் ஊதியபோது நான்காவதில் இருந்தார். துறையில் தலை எண்ணினார்கள். ஒன்று குறைந்தது. செயலாளர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"மேடம்! கப்பல் கிளம்புது!"

"கிளம்பட்டும்."

அப்போதுதான் அவர் முதல் முறையாக முகத்தைப் பார்த்தார். "மிஸ் லாபோர்ட்! நீங்களா? இது அத்துமீறல்! ஊர்க்காரங்க உள்ள வந்தா காவல்துறையக் கூப்பிடணும்!"

"கூப்பிடுங்க."

செயலாளர் பார்வை ஆரஞ்சு வளையத்தில் விழுந்தது. சட்டைப்பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். விருந்தாளி ஒருவர் ஓர் அனுபவத்தில் ஆழ்ந்திருக்கும்போது, மனநிறைவு அடையும்வரை அவரைத் தொந்தரவு செய்யும் ஊழியர் பணிநீக்கம் செய்யப்படுவார் என்று அதில் இருந்தது. எழுதியவரும் அவரே.

"இப்போ நீங்க விருந்தாளியா, ஊர்க்காரரா?" என்று அவர் ஏறக்குறையக் கெஞ்சினார்.

"அதைச் சொல்ற வேலை உங்களோடது சார். எனக்கு இன்னும் ஒரு கல்லறை பாக்கி இருக்கு."

செயலாளர் விதிப் புத்தகத்தை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு சிரித்தார். "தேநீர் கொண்டு வரச் சொல்லட்டுமா மேடம்?" என்றார்.

பொழுது சாயும் முன் ஐந்து கல்லறைகளும் நான்கு பக்கமும் வெளுத்திருந்தன. ஐந்து மெழுகுவர்த்திகள் எரிந்தன. மிஸ் ஒக்டேவியா கையைக் கழுவிக்கொண்டு, வளைவின் வழியாக நடந்தே வீட்டுக்குப் போனார்.

காணாமல் போன விருந்தாளியை அமைச்சகம் அப்படியே விட்டுவிடவில்லை. இரண்டு வாரத்தில் துறைமுகத்தில் ஆளுயரப் படம் ஒன்று வைத்தார்கள். தூரிகையும் கையுமாக, கொஞ்சமும் சிரிக்காத மிஸ் ஒக்டேவியா. கீழே: 'ஒரு நாள் வந்தார். போக மனமில்லை.' பதிவேட்டில் அவர் வந்தது உண்டு, போனது இல்லை. அதனால் தேர்தல் பட்டியலிலிருந்து அவருடைய பெயரை நீக்கி, மாதம் ஒரு முறை ஒரு பழத்தட்டு அனுப்பினார்கள். அவர் பழத்தட்டைத் திருப்பியனுப்பினார். அவர்கள் பெயரைத் திருப்பித் தரவில்லை.

அடுத்த வருடம் அக்டோபர் முப்பத்தொன்றாம் தேதி தபால் படகில் நிற்க இடமில்லை. படகு ஆறு நடை போய் வந்தது.

நவம்பர் ஒன்று காலை அமைச்சர் வானொலியில் பேசினார். "நம்ம தீவோட வரலாற்றுல இல்லாத கூட்டம்! ஒரே கப்பல்ல நானூத்திப் பன்னெண்டு புது விருந்தாளிங்க! எந்த நாட்டுக்காரங்கன்னு தெரியல. ஆனா எல்லார் கையிலயும் வாளி இருக்காம். அது அவங்க நாட்டு வழக்கமா இருக்கும். அதை நாம மதிக்கணும். இவங்க எதையும் படம் எடுக்கறதில்ல, வழி கேக்கறதில்ல. இந்த மாதிரி விருந்தாளிதான் நமக்கு வேணும். இவங்களுக்கு இடைஞ்சலா ஊர்க்காரங்க யாரும் இன்னைக்குத் தெருவுல நடமாடக் கூடாது."

யாரும் நடமாடவில்லை. தெரு வெறிச்சோடிக் கிடந்தது.

கப்பல் அணைந்தபோது டிரம் சத்தம் இல்லை. டிரம் குழு முழுவதும் கப்பலில் இருந்தது. லியாண்டர் கப்பலில் இருந்தான். டானிஸ் மூன்று பிள்ளைகளுடன் கப்பலில் இருந்தாள். துறையில் செம்பருத்தித் தட்டைப் பிடித்துக்கொண்டு மிஸ்டர் மோன்ப்ளேசிர் ஒற்றை ஆளாக நின்றார். நானூற்றுப் பன்னிரண்டு காதுகளில் ஒவ்வொன்றாகப் பூச் செருகினார். நானூற்றுப் பன்னிரண்டு முறை சிரித்தார். ஒவ்வொருவரும் வளையத்தை உயர்த்திக் காட்டிவிட்டு, வாளி ஆட ஆட, முனையை நோக்கிப் போனார்கள்.

கடைசியாக இறங்கியவர் மிஸ் ஒக்டேவியா. செயலாளர் பூவைச் செருகினார். சிரிக்கப் பார்த்தார், கன்னம் ஒத்துழைக்கவில்லை. சுற்றுமுற்றும் ஒரு முறை பார்த்துக்கொண்டு, தணிந்த குரலில் கேட்டார்.

"மிஸ் ஒக்டேவியா, எங்கப்பா முனைல மதில் ஓரமா இருக்காரு. நாலு வருஷமாச்சு, கறுத்துப் போயிருக்கும். வேலை முடிஞ்சா நானும் ஊர்க்காரன்தானே. இந்த டிக்கெட் எங்க விக்கறாங்க?"

"பக்கத்துத் தீவுல. இன்னைக்குப் படகு போயிருச்சு. அடுத்த வருஷம் நேரத்தோட கிளம்புங்க," என்றார் மிஸ் ஒக்டேவியா. காதிலிருந்த பூவை எடுத்து அவருடைய தட்டிலேயே வைத்துவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.